கடன் கட்ட முடியாமல் போனால் வன்னியில் சட்டத்தரணி தேடிப் பிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

லீசிங் கொம்பனியின் கடிதமோ நீதிமன்ற அழைப்பாணையோ வீட்டுக்கு வந்த பிறகு லோயர் தேடி அலைகிறவர்களோடு கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று பல தடவை போய் வந்திருக்கிறேன். வேலை பெரும்பாலும் கெட்டுப்போவது ஒழுங்கு மாறுவதால்தான். கடதாசியைச் சேர்க்காமல் லோயரிடம் போகிறார்கள், கேட்க வேண்டியதைக் கேட்காமல் காசு கொடுக்கிறார்கள், திகதி போன பிறகு விழிக்கிறார்கள். அதனால் கீழே இருக்கிற வரிசையிலேயே செய்யுங்கள், ஒரு படியைத் தாண்டினால் அடுத்த படியில் அதற்குச் செலவழிக்க வேண்டிவரும்.

1. யாரைத் தேடுகிறீர்கள் என்று முதலில் தெளிவாகுங்கள்

"வங்குரோத்து லோயர் யாரும் இருக்கிறாரா?" என்று கேட்டுக்கொண்டு போனால் வன்னியில் யாரும் கை காட்டமாட்டார்கள். அப்படித் தனியாகப் பெயர்ப்பலகை போட்டு இருக்கிறவர்கள் இங்கே இல்லை. தனியாளின் வங்குரோத்துக்கு இலங்கையில் இருக்கிற சட்டம் 1853-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், அது போகிற இடம் மாவட்ட நீதிமன்றம். கொம்பனியாகப் பதிவு செய்த வியாபாரம் என்றால் 2007-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம், அது வேறு பாதை.

நீங்கள் தேட வேண்டியவர், மாவட்ட நீதிமன்றத்தில் பணக் கடன் வழக்குகளில் கடன் வாங்கியவர் பக்கம் நின்று பழகிய சிவில் சட்டத்தரணி. ஊரில் பேர் பெற்ற லோயர் என்று பலரும் சொல்பவர் நீதவான் நீதிமன்றத்தில் பிணை எடுப்பதில் கெட்டிக்காரராக இருக்கலாம், அவர் நல்லவர்தான், ஆனால் கடன் வழக்கில் விடை, அதாவது எதிராளியின் பதில் மனு, எழுதுவது வேறு வேலை. காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசும் அப்படியே. எல்லோருக்கும் கறுப்புக் கோட்டுத்தான், தொழில் ஒன்றில்லை.

2. கடதாசியில் இருக்கிற திகதியைப் பாருங்கள்

லோயர் தேட எத்தனை நாள் இருக்கிறது என்பதை இந்தத் திகதிதான் சொல்லும், அதனால் மற்ற எல்லாவற்றுக்கும் முதல் இது. வந்த கடிதத்தை எடுத்து, அனுப்பியது யார், எந்த இடத்திலிருந்து, என்ன திகதிக்கு என்று மூன்றையும் பாருங்கள். கடித உறையையும் எறிய வேண்டாம், எப்போது கையில் கிடைத்தது என்பதற்கு அதில் இருக்கிற தபால் முத்திரை உதவும். உறை இல்லாமல் நேரே வந்ததென்றால், வாங்கிய திகதியைப் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

லோயர் தலைப்புக் கடதாசியில் வந்த கோரிக்கைக் கடிதம் என்றால் இன்னும் வழக்கு ஆரம்பமாகவில்லை என்று பெரும்பாலும் எடுக்கலாம். பேசித் தீர்க்க நல்ல நேரம் அதுதான். ஆனால் சும்மா விட்டுவிடக் கூடாது.

மாவட்ட நீதிமன்ற அழைப்பாணை என்றால் அதில் போட்டிருக்கிற திகதிக்கு நீங்களோ உங்கள் லோயரோ நிற்க வேண்டும். யாரும் போகாவிட்டால் உங்களைக் கேட்காமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரும். அப்படி வந்துவிட்டால், அந்தத் தீர்ப்பாணை உங்களிடம் ஒப்படைக்கப்பட்டு 14 நாளுக்குள் சரியான காரணம் காட்டி அதை நீக்கக் கேட்கலாம். இந்த 14 நாள் ஓடுவது தெரியாமல், அடுத்த மாதம் நெல் வெட்டிய பிறகு பார்ப்போம் என்று இருப்பவர்கள் அதிகம்.

வங்கி அல்லது பைனான்ஸ் கொம்பனி 1990-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தில் போட்ட வழக்கு இன்னும் கடுமையானது. அதில் முதலில் வருவதே டிக்கிரி நைசை, அதாவது காரணம் காட்டாவிட்டால் உறுதியாகிவிடுகிற தீர்ப்பாணை. எதிர்த்து வாதாட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்குச் சத்தியக்கடதாசி போட்டு, விசாரிக்க வேண்டிய கேள்வி இருக்கிறது என்று நீதிபதியைத் திருப்திப்படுத்த வேண்டும், இல்லையென்றால் பணமோ பிணையோ கட்டச் சொல்வார்கள். ஆகவே முதல் தவணையிலேயே, அதாவது வழக்குக் கூப்பிடுகிற முதல் நாளிலேயே, வேலை தெரிந்த லோயர் வேண்டும், தவணைக்கு யாரையாவது நிற்கவிட்டு அடுத்த முறை பார்ப்போம் என்பது இந்த வழக்கில் சரிவராது.

ஈடு வைத்த சொத்தை ஏலம் போடுவதாக வங்கி அறிவித்தால் அது பரேட் முறையாக இருக்கலாம். நீதிமன்றத்துக்குப் போகாமலே வங்கியின் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தோடு விற்க அதில் வழி இருக்கிறது. வர்த்தமானியிலும் பத்திரிகையிலும் அறிவித்தல் வரும். ஏலத் திகதிதான் உங்கள் திகதி. அன்று காலையில் லோயரிடம் ஓடுவதில் பிரயோசனம் இல்லை.

இன்னொன்று, நம்மவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது. லீசிங் ஒப்பந்தங்களில் பிணக்கை நடுத்தீர்ப்புக்கு, அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவரின் தீர்ப்புக்கு, விடும் வாசகம் பல நேரம் இருக்கும். கொழும்பு முகவரியோடு, நடுத்தீர்ப்பாளர் நியமிக்கப்பட்டார் என்று ஒரு கடிதம் வரும், கோர்ட் முத்திரை இல்லாததால் மூலையில் போட்டுவிடுவார்கள். 1995-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின்படி அந்தத் தீர்ப்பை மேல் நீதிமன்றத்தில் பதிவு செய்து அமுல்படுத்தலாம், அதை நீக்கக் கேட்கும் காலம் தீர்ப்பு கையில் கிடைத்து 60 நாள்தான். இதை ஊர் இணக்கசபை (மத்தியஸ்த சபை) கடிதத்தோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். இணக்கசபையில் லோயர் நின்று பேச முடியாது, நீங்களே போக வேண்டும், செலவில்லை. அங்கே மாதம் இவ்வளவு கட்டுகிறேன் என்று கையெழுத்து வைக்கும்போது உண்மையாகக் கட்டக்கூடிய தொகையை மட்டும் சொல்லுங்கள். நாலு பேர் முன்னால் வெட்கத்தில் கூட்டிச் சொல்லிவிட்டு அடுத்த மாதமே தவறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்

கடிதம் அனுப்பிய கொம்பனியை மட்டும் லோயரிடம் சொல்வார்கள். மைக்ரோ பைனான்ஸ் கிழமைக் கடன், சீட்டு, உரக்கடைப் பாக்கி, நகை அடகு, மீற்றர் வட்டி (தனியாரிடம் அளவுக்கு மீறிய வட்டிக்கு வாங்கியது), சித்தப்பாவிடம் வாங்கியது எல்லாம் வெளியே வராது. மொத்தம் தெரியாமல் எந்த லோயராலும் பேசித் தீர்ப்பதா, வழக்காடுவதா, வங்குரோத்துக்கே போவதா என்று சொல்ல முடியாது.

ஒவ்வொரு கடனுக்கும் எழுத வேண்டியது: யாரிடம், எப்போது, கையில் உண்மையாகக் கிடைத்தது எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, இப்போது கேட்பது எவ்வளவு, பிணை நின்றது யார், ஈடு என்ன, எந்தக் கடதாசியில் கையெழுத்து வைத்தீர்கள், காசோலை கொடுத்தீர்களா. கடைசிக் கேள்வியை மறைக்க வேண்டாம். கணக்கில் காசில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை கொடுத்தது குற்ற வழக்காக வரலாம், அதற்குத் தனியாகத் தயாராக வேண்டும். கட்ட முடியாமல் போனது மட்டும் என்றால் அது சிவில் விடயம், பொலிஸைக் காட்டி வெருட்டினால் பயப்படாமல் அந்த அழைப்பை லோயரிடம் சொல்லுங்கள்.

வங்கி, பைனான்ஸ் கடன்களுக்குக் கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை, கிறிப் என்று சொல்வார்களே அதை, உங்கள் பேரில் எடுத்துக்கொள்ளுங்கள். மறந்துபோன கடனும், நண்பனுக்குப் பிணை நின்று மறந்த கடனும் அதில் தெரியும். பிணை நின்றவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். கடன் எடுத்தவரை விட்டுவிட்டு முதலில் பிணையாளியைத் தேடி வருவது இங்கே புதிதில்லை.

4. பைல் ஒன்றைச் சேருங்கள், காணிக் கடதாசியை மறக்காமல்

ஒப்பந்தம், கட்டிய பற்றுச்சீட்டு, பாஸ் புத்தகம், கொம்பனி அனுப்பிய எஸ்.எம்.எஸ், வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் திகதி வரிசையில் அடுக்குங்கள். வங்கி மெசினில் வருகிற மெல்லிய தாள் பற்றுச்சீட்டுகள் நம்முடைய வெயிலுக்குச் சில மாதத்தில் வெளுத்துப் போகும், கிடைத்த அன்றே கொப்பி எடுத்து வையுங்கள். கட்டிய காசை நிரூபிக்க முடியாமல் மறுபடி கட்டுவதைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை.

ஒப்பந்தத்தின் பிரதி உங்களிடம் இல்லையென்றால் கொம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள், கேட்ட கடிதத்தின் கொப்பியையும் பைலில் போடுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் என்ன எழுதியிருக்கிறது என்று லோயரிடம் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கையெழுத்து வைத்த அன்று உத்தியோகத்தர் வாயால் சொன்னதும் தாளில் இருப்பதும் பல நேரம் ஒத்துப்போகாது.

காணிக் கடதாசி ஏன் முக்கியம் என்றால், வன்னியில் பெரும்பகுதிக் காணி உறுதிக் காணி இல்லை, பெர்மிற் காணி. 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியை நீதிமன்றத் தீர்ப்பாணையை நிறைவேற்ற என்று பறித்து விற்க முடியாது என்று அந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு சொல்கிறது. பரந்தனிலோ முத்தையன்கட்டிலோ இருக்கிற ஒரு விவசாயக் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்று யோசித்துப் பாருங்கள், ஆனால் கொம்பனிக்காரன் "வீடு வளவை ஏலம் போடுவோம்" என்றதும் பயந்து, மகளின் நகையை விற்றுக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். பெர்மிற்றா, அரசின் அளிப்பா, தனியார் உறுதியா என்று பார்த்துச் சொல்வது லோயரின் வேலை. கடதாசியைக் கொண்டுபோவது உங்கள் வேலை. இடம்பெயர்வில் தொலைந்திருந்தால் பெர்மிற்றுக்குப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையிலும், உறுதிக்குக் காணிப் பதிவகத்திலும் விபரம் எடுக்கலாம்.

தொழில் கருவிகளையும் எழுதி வையுங்கள். பணத் தீர்ப்பாணைக்காகப் பறிமுதல் செய்யும்போது தொழிலுக்கு வேண்டிய கருவிகள், விவசாயியின் உழவுக் கருவிகள், பிழைப்புக்குத் தேவை என்று நீதிமன்றம் கருதுகிற மாடு, விதைநெல் இவற்றுக்குக் குடியியல் நடைமுறைச் சட்டக்கோவையின் 218-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. லீசிங்கில் எடுத்த ட்ரக்டருக்கு இது பொருந்தாது, அது கட்டி முடியும்வரை கொம்பனியின் சொத்து.

5. லோயரைக் காணும்வரை செய்யக்கூடாதவை

கையெழுத்துக் கேட்டு வருகிற எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். காரணம் இருக்கிறது. எழுத்தில் இருக்கிற கடனுக்கு வழக்குப் போட 6 வருடம், எழுத்தில்லாத கடனுக்கு 3 வருடம், ஈட்டு உறுதிக்கு 10 வருடம் என்று காலாவதிக் கட்டளைச் சட்டம் எல்லை வைத்திருக்கிறது. கடனை ஒத்துக்கொண்டு நீங்கள் எழுதிக் கொடுக்கிற ஒரு கடிதமோ கட்டுகிற ஒரு சிறு தொகையோ அந்தக் காலத்தைப் புதிதாகத் தொடங்க வைக்கலாம். பழைய கடனுக்கு, "ஆயிரம் ரூபாயாவது கட்டுங்கோ அண்ணை, கணக்கை மூடாமல் வைக்கிறம்" என்று அன்பாகக் கேட்டு வந்தால் முதலில் திகதியைப் பாருங்கள்.

வாகனத்தை எடுக்க வருகிறவர்கள் "என் விருப்பத்தின் பேரில் ஒப்படைக்கிறேன்" என்று எழுதிய தாளை நீட்டுவார்கள். அதில் கையெழுத்து வைத்தால் பிறகு வலுக்கட்டாயமாக எடுத்தார்கள் என்று சொல்ல உங்கள் லோயரிடம் ஒன்றும் மிஞ்சாது.

காணியை அவசரமாக மகன் பேரிலோ மகளுக்குச் சீதனமாகவோ மாற்ற வேண்டாம். கடன் கொடுத்தவரை ஏமாற்ற என்று செய்த கைமாற்றத்தை நீதிமன்றம் செல்லாததாக்கலாம், வங்குரோத்து விண்ணப்பத்தில் அது உங்களுக்கே எதிராகத் திரும்பும். ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்றால் முதல் சந்திப்பிலேயே லோயரிடம் சொல்லிவிடுங்கள்.

தொகை எழுதாத புரோநோட்டில் கையெழுத்து வைத்துக் கொடுத்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். மறைக்க வேண்டாம். 1918-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்கப் பணம் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டத்தில், தொகையை வெறுமையாக விட்ட புரோநோட்டைக் கடனுக்குப் பிணையாக வாங்குவது வாங்கியவர் செய்கிற குற்றம். அளவுக்கு மீறிய வட்டி என்றால் கொடுக்கல் வாங்கலையே திறந்து பார்க்க நீதிமன்றத்துக்கு அதில் அதிகாரம் இருக்கிறது. மீற்றர் வட்டிக்காரரோடு பேசும்போது உங்கள் லோயர் பிடிக்கக்கூடிய நல்ல பிடி இது.

6. பெயர் சேர்ப்பது

வழக்கு எந்த நீதிமன்றத்தில் என்று பார்த்துவிட்டுத்தான் பெயர் தேட வேண்டும். முல்லைத்தீவு வழக்குக்கு அங்கே கிழமையில் பல நாள் நிற்கிற லோயர் வேண்டும். வவுனியாவில் இருந்து ஒவ்வொரு தவணைக்கும் வருகிறவர் என்றால் பயணச் செலவும் உங்கள் தலையில்தான், அன்று அவருக்கு வவுனியாவில் வேறு வழக்கு இருந்தால் உங்களுடையது தள்ளிப்போகும். கொழும்பில் போட்ட வழக்கென்றால் ஊரில் ஒருவரைப் பிடித்து அவர் மூலமாகக் கொழும்பில் ஒருவரைப் போடுவது நடைமுறையில் நல்லது, உங்களோடு தமிழில் பேசி விபரம் எடுத்துக் கொடுக்க இங்கே ஆள் வேண்டும். அங்கேயும் தமிழில் பங்குபற்றவும் மொழிபெயர்ப்பு வசதி பெறவும் அரசியலமைப்பின் 24-ஆம் உறுப்புரை உரிமை தருகிறது, லோயரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.

நல்ல பெயர் கிடைக்கிற வழி, நேரே போய் உட்கார்ந்து பார்ப்பது. நீதிமன்றம் திறந்த மன்று, யாரும் போய் இருக்கலாம். மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்குக் கூப்பிடுகிற நாளில் காலை முழுக்கப் பின்வரிசையில் இருங்கள். யார் கடன் வழக்கில் எதிராளிக்கு எழும்புகிறார், யார் பைலைத் திறந்து பேசுகிறார், யார் ஒவ்வொன்றுக்கும் தவணை மட்டும் கேட்டுவிட்டு இருக்கிறார் என்று ஒரு காலையிலேயே விளங்கும். யார் யார் வங்கிப் பக்கம் நிற்கிறார்கள் என்பதும் தெரியும், அது அடுத்த படிக்குத் தேவை.

கூட்டுறவுச் சங்கம், கமக்காரர் அமைப்பு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இவற்றில் ஏற்கெனவே கடன் வழக்குப் பட்டவர்கள் இருப்பார்கள். "லோயர் எப்படி?" என்று கேட்டால் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். "போன் எடுத்தால் பதில் சொன்னாரா, என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொன்னாரா, சொன்ன காசுக்கு மேலே கேட்டாரா?" என்று கேளுங்கள்.

கோர்ட் வாசலிலும் தேத்தண்ணிக் கடையிலும் "என்னோட வாங்கோ, நல்ல லோயர் இருக்கு" என்று கூட்டிப்போகிறவரைத் தவிருங்கள். அவருடைய பங்கும் உங்கள் காசில் இருந்துதான் போகும், ஆள் பிடித்து வேலை எடுப்பது சட்டத்தரணிக்கு ஒழுக்க விதிப்படி தடை.

கையில் காசே இல்லையென்றால், 1978-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் உங்களுக்கு அருகில் உள்ள நிலையத்துக்கு முதலில் போங்கள். ஆலோசனை சொல்வார்கள். வழக்குக்கு லோயர் தருவது வருமானத்தைப் பார்த்துத்தான், ஆகவே வருமானத்தைக் காட்ட கிராம அலுவலரின் கடிதத்தோடு போவது நல்லது.

7. முதலில் கேட்க வேண்டிய கேள்வி

போனிலேயே கேளுங்கள், கதை சொல்லத் தொடங்குமுன்: "இந்தக் கொம்பனிக்கோ வங்கிக்கோ நீங்கள் வேலை செய்கிறீர்களா?"

வன்னி மாதிரி லோயர்மார் குறைந்த இடத்தில் இதுதான் பெரிய சிக்கல். நல்ல சிவில் லோயர்மாரில் பலர் ஏதாவதொரு வங்கியின் அல்லது பைனான்ஸ் கொம்பனியின் பட்டியலில் இருப்பார்கள், உங்கள் ஈட்டு உறுதியை எழுதிய நொத்தாரிசாகவும் இருக்கலாம். அது குற்றமில்லை, ஆனால் உங்களுக்கு நிற்க முடியாது. கதையை முழுக்கக் கொட்டிவிட்டுப் பிறகு இது தெரியவந்தால் சங்கடம் உங்களுக்கு. நேர்மையான லோயர் கேட்டவுடனே சொல்லிவிடுவார், பல நேரம் வேறொருவரின் பெயரையும் தருவார்.

கடன் எடுத்தவரும் பிணையாளியும் ஒரே லோயரிடம் போவதும் இப்படித்தான். ஆரம்பத்தில் செலவு மிச்சம் போலத் தெரியும். "நான் வெறும் பிணை, காசு எடுத்தது அவர்" என்று பிணையாளி சொல்லவேண்டி வரும்போது ஒரே லோயரால் இரண்டு பக்கமும் பேச முடியாது.

8. முதல் சந்திப்பு

பைலையும் அந்த ஒரு தாளையும் கொண்டு போங்கள். கணவன் மனைவி இருவரும் கையெழுத்து வைத்த கடன் என்றால் இருவரும் போங்கள். மைக்ரோ பைனான்ஸ் வழக்குகளில் கையெழுத்து வைத்தது அக்காமார்தான், லோயரிடம் பேசப் போவதோ அண்ணன்மார். எந்த நாளில் யார் வீட்டுக்கு வந்து என்ன சொன்னார் என்று தெரிந்தவர் வீட்டில் இருந்துவிடுகிறார்.

கோரிக்கைக் கடிதமோ மிரட்டலோ பற்றி நீளமாகப் பேசி நேரத்தை விடாமல், தாளைக் கொடுத்துவிட்டு லோயர் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். பிறகு நீங்கள் கேளுங்கள்: இது எந்தச் சட்டத்தில் போட்ட வழக்கு, அடுத்து என்ன தாக்கல் செய்ய வேண்டும், எந்தத் திகதிக்கு முன், மாசக் கட்டணமாகப் பேசித் தீர்க்க வழி இருக்கிறதா, வங்கியென்றால் அதன் வணிக மீளெழுச்சிப் பிரிவுக்கு எழுதலாமா, நிலத்துக்கும் வீட்டுக்கும் உண்மையில் ஆபத்து இருக்கிறதா.

"ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம், நான் வெட்டித் தாறன்" என்று பைலைத் திறக்காமலே சொல்கிறவரிடம் காசு கொடுக்காமல் எழும்பி வாருங்கள். கடன் உண்மை, கையெழுத்து உண்மை என்றால் பெரும்பாலும் கிடைப்பது வட்டிக் குறைப்பும் தவணையும்தான், அதை நேரே சொல்கிறவர்தான் உங்களுக்கு வேண்டியவர். இரண்டு பேரையாவது பார்த்துவிட்டு முடிவெடுங்கள், ஆலோசனைக் கட்டணம் இரண்டு தடவை போனாலும் பரவாயில்லை.

9. வங்குரோத்து விண்ணப்பம் உங்களுக்குச் சரியா என்று கேளுங்கள்

இதை லோயர் தானாகச் சொல்லாமல் விடலாம், ஏனென்றால் நடைமுறையில் அரிதாகவே போடுகிறார்கள். நீங்களே கேளுங்கள், ஆனால் தெரிந்துகொண்டு கேளுங்கள். கடனாளி தானே மாவட்ட நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம், கடன் கொடுத்தவரும் விண்ணப்பிக்கலாம். உங்கள் சொத்து நீதிமன்றம் நியமிக்கும் ஒருவரின் பொறுப்புக்குப் போகும், கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் வந்து தங்கள் கணக்கை நிரூபிப்பார்கள், உங்களையும் விசாரிப்பார்கள், கடைசியில் நீங்கள் ஒழுங்காக நடந்தீர்கள் என்று நீதிமன்றம் சான்றிதழ் கொடுத்தால்தான் விடுதலை.

ஈடு வாங்கிக் கடன் கொடுத்தவருக்கு அந்த ஈட்டின் மேல் இருக்கிற பிடி இதனால் விட்டுப்போகாது. பிணையாளியும் தப்பமாட்டார். விடுபடாத வங்குரோத்தாளியாக இருக்கும்வரை கம்பனிப் பணிப்பாளராக இருக்க முடியாது. ஆகவே ஒரு லீசிங்கும் இரண்டு மைக்ரோ கடனும் இருக்கிற குடும்பத்துக்கு இது ஏற்ற வழியாக எனக்குத் தெரியவில்லை, பேசித் தவணை போடுவதே நல்லது. கடை முறிந்து, பல பேருக்குப் பெருந்தொகை, ஒவ்வொருவரும் தனித்தனியே வழக்குப் போட்டு இழுக்கிறார்கள் என்கிற வியாபாரிக்குத்தான் கேட்டுப் பார்க்கத் தகுந்தது. அப்படியென்றால் இந்தச் சட்டத்தில் முன்பு வேலை செய்த மூத்த சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையை யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ எடுக்கும்படி உங்கள் லோயரிடம் கேளுங்கள்.

10. காசுப் பேச்சு

வெட்கப்படாமல் முதல் நாளே பேசுங்கள். கட்டணம் பொதுவாக மூன்று துண்டாக வரும்: ஆவணம் எழுதித் தாக்கல் செய்வதற்கு ஒன்று, ஒவ்வொரு தவணைக்கும் நிற்க ஒன்று, தட்டச்சு, கொப்பி, நீதிமன்றச் செலவுகள் இன்னொன்று. தவணைக்கு இவ்வளவு என்று மட்டும் பேசினால், வழக்கு நீள நீள உங்கள் செலவு ஏறும். விடை தாக்கல் வரை இவ்வளவு, விளக்கம் (வழக்கு விசாரணை) முடியும்வரை இவ்வளவு என்று கட்டம் கட்டமாகப் பேச முடியுமா என்று கேளுங்கள். மூத்த சட்டத்தரணியை வெளியிலிருந்து கூப்பிட்டால் அது தனிக் காசு, உங்களைக் கேட்காமல் கூப்பிட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

கொடுத்த ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தர மறந்தால் "சேர், இன்றைக்கு இவ்வளவு தந்தேன்" என்று வட்ஸ்அப்பில் போடுங்கள், அதுவும் பதிவுதான். கொம்பனிக்குக் கட்ட வேண்டிய கடன் காசை லோயர் கையில் கொடுக்க வேண்டாம். அதை வங்கியில் கட்டிச் சீட்டை எடுங்கள், அல்லது நீதிமன்றத்தில் கட்டுங்கள்.

11. புறொக்சியில் கையெழுத்து

புறொக்சி என்பது வழக்கில் உங்களுக்காக நிற்க லோயருக்கு நீங்கள் எழுத்தில் கொடுக்கிற அதிகாரம். அதைத் தாக்கல் செய்த அன்றிலிருந்து அவர்தான் வழக்கில் உங்கள் பதிவுச் சட்டத்தரணி. எதிர்ப்பக்கம் அவரிடம் ஒரு கடதாசியை ஒப்படைத்தால் உங்களிடம் ஒப்படைத்ததாகவே கணக்கு. அதனால்தான் இவ்வளவு தூரம் பார்த்துப் போடச் சொல்கிறேன். வழக்கு இலக்கமும் பெயர்களும் நிரப்பிய பிறகே கையெழுத்து வையுங்கள், வெறும் தாளில் வேண்டாம், கொப்பி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். சத்தியக்கடதாசி என்றால் முழுக்க வாசித்து, தெரியாத இடத்தை விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்டு, பொய்யாக ஒரு வரி இருந்தாலும் வெட்டச் சொல்லுங்கள். சத்தியம் செய்பவர் நீங்கள்.

12. போட்ட பிறகு

லோயரைப் போட்டாயிற்று என்று வயலுக்குப் போய்விட வேண்டாம். ஒவ்வொரு தவணையும் முடிந்த அன்றே என்ன நடந்தது, அடுத்த திகதி என்ன என்று கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். போன் இலக்கம் மாறினால் லோயருக்கும் அவரிடம் வேலை செய்கிற கிளாக்குக்கும் சொல்லுங்கள். இலக்கம் மாறியதால் தவணை தெரியாமல் தீர்ப்பாகிப் போன வழக்கு உண்டு.

கொம்பனி ஆள் நேரே வந்து "லோயர் ஏன், நாங்களே முடிப்பம்" என்றால், பேசுங்கள், தப்பில்லை, ஆனால் எழுத்தில் தரச் சொல்லி அதை லோயரிடம் காட்டிய பிறகே முடியுங்கள். தீர்த்துவிட்டோம் என்று வாயால் சொல்லிவிட்டு வழக்கை மீளப்பெறாமல் விட்டால் தீர்ப்பு வந்துவிடும். இணக்கம் வழக்கேட்டில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வங்கி அல்லது பதிவு பெற்ற பைனான்ஸ் கொம்பனியின் நடத்தையில் முறைப்பாடு இருந்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்குத் தனியாக எழுதலாம், ஆனால் அந்த முறைப்பாட்டால் நீதிமன்றத் திகதி நிற்காது.

13. லோயர் சரிவராவிட்டால்

முதலில் நேரே போய்க் கேளுங்கள், பலமுறை வேலை நெருக்கடியும் தவறிய போனும்தான் காரணமாக இருக்கும். அப்படியும் இல்லையென்றால் மாற்றலாம், ஆனால் இன்னொருவரிடம் போய்ப் புதிய புறொக்சி போட்டால் மட்டும் போதாது, பழையதை நீதிமன்றத்தின் அனுமதியோடு எழுத்தில் நீக்க வேண்டும், அதுவரை பழையவரே பதிவுச் சட்டத்தரணி. புதியவர் இதைச் செய்து தருவார். உங்கள் பைலையும் மூல ஆவணங்களையும் கேட்டு வாங்குங்கள், கொடுத்த நாளில் கொப்பிதான் கொடுத்திருந்தால் இந்த இடத்தில் தலையிடி இல்லை.

காசு வாங்கிவிட்டு வேலையே செய்யவில்லை, ஏமாற்றினார் என்றால் இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கத்துக்கும், சத்தியக்கடதாசியோடு உயர் நீதிமன்றத்துக்கும் முறையிடலாம். சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்துவைப்பதும், பெயரை நீக்குவதும் உயர் நீதிமன்றம்தான். அங்கே கேட்கிற முதல் சாட்சி நீங்கள் வாங்கிய பற்றுச்சீட்டும் அனுப்பிய செய்திகளும்.